நிலாவரை: பெயர், அளவு, எல்லை – தென்காசி, குற்றால வட்டார மருத்துவ வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மலச்சிக்கலுக்குத் தமிழ் மருத்துவ மரபில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இலை நிலாவரை. நிலவாகை என்றும் இது வழங்கும். பழைய திருநெல்வேலிச் சீமையின் பெயரையே அடைமொழியாகக் கொண்டு உலக மருந்துச் சந்தையில் அறியப்பட்ட இலையும் இதுவே. இவ்விலையைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் அறிவு இலையிடத்தில் மட்டும் இல்லை. அதன் பெயரிலும், அளவுச் சொற்களிலும், துணைச்சரக்குகளிலும், பத்திய விதிகளிலும் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது. இலை பொடியாகிப் பொட்டலத்தில் விற்பனைக்கு வரும்போது இவ்வறிவு அதனுடன் சேர்ந்து வருவதில்லை என்பதையும், அவ்விழப்பை ஈடுசெய்யும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலாவரை, அவுரி, ஆவிரை, மலமிளக்கி, அளவுச் சொற்கள், பத்தியம்.

முன்னுரை

2019ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவையும் அதனை அடுத்த வறண்ட சமவெளியையும் ஒருங்கே கொண்டது. மலையடிவாரத்துக் குற்றாலம் மூலிகைக்குப் பெயர்பெற்ற ஊர். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி கூறும் மலைவளத்தில் காயசித்தி செய்யும் சித்தர்களும் இடம்பெறுகின்றனர். கடையத்தை அடுத்த தோரணமலை, அகத்தியரும் தேரையரும் மருத்துவம் பயிற்றிய இடம் என்பது வட்டார நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராபர்ட் வைட் உள்ளிட்ட தாவரவியலாளர்கள் குற்றால மலையில் தாவரங்களைத் திரட்டினர். சித்த மருத்துவக் கல்விக்கென 1964இல் அரசுக் கல்லூரி தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டையும் அண்மையில் உள்ளது.

இப்பின்னணியால் குற்றாலத்தில் வாங்கும் இலை எதுவாயினும் அது மலைமூலிகை என்றும், மலைமூலிகை தீங்கற்றது என்றும் கொள்ளும் மனப்பாங்கு வெளியூர் மக்களிடையே உண்டு. நிலாவரையைப் பொறுத்தவரை இவ்விரு கருத்துகளும் பொருந்தா. அது அருவிச்சாரலில் வளரும் செடியன்று. வெயிலும் வறட்சியும் வேண்டும் புன்செய்ப் பயிர். குடலின் இயக்கத்தை நேரடியாகத் தூண்டுவதால் அளவும் எல்லையும் அறிந்தே கொள்ளத்தக்க மருந்தும் ஆகும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவன் எண்ணிப் பார்க்கவேண்டியனவாக நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றைச் சுட்டுகிறது. இம்மூன்றுக்கும் முன்னதாக, கையிலிருப்பது எந்த இலை என்ற வினா எழுகிறது. இந்நான்கு நிலைகளில் நிலாவரை இங்கு ஆராயப்படுகிறது.

1. எந்த இலை: பெயரும் பெயர் மயக்கமும்

நிலாவரை என்பது நில ஆவிரை என்னும் தொடரின் மரூஉ வடிவமாகக் கொள்ளத்தக்கது. நிலவேம்பு, நிலப்பனை முதலிய பெயர்களில் ‘நில’ என்னும் முன்னொட்டு, மற்றொரு மரத்தையோ செடியையோ ஒத்திருந்து தரையை ஒட்டித் தாழ வளர்வதைக் குறிக்கும். ஆவிரையோ குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெற்றது. மடலேறும் தலைவன் சூடும் மலராகவும் சங்கப் பாடல்கள் அறிந்தது. அறிமுகமான ஆவிரையை அளவுகோலாகக் கொண்டு அதன் இனச்செடிகளுக்குப் பெயரிட்ட மரபே நிலாவரை, பொன்னாவரை, பேயாவரை என்னும் பெயர்களில் காணப்படுகிறது. இன்றைய தாவரவியலும் ஆவாரை, நிலாவரை, பொன்னாவரை ஆகியவற்றைச் சென்னா என்னும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளது. நிலாவரையின் தாவரப்பெயர் சென்னா அலெக்சாண்ட்ரினா. பழைய நூல்கள் காசியா அங்கஸ்டிஃபோலியா என்று குறிப்பதும் இதனையே. ‘சென்னா’ என்பது ‘சனா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது.

இனத்தைக் காட்டும் பெயர் தன்மையையும் காட்டும் எனக் கொள்வது இடர் தரும். பேயாவரை என்றும் வழங்கும் பொன்னாவரையின் விதைகளை உண்ட குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு இறப்பு நேர்ந்ததை மேற்கு உத்தரப்பிரதேசத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் 2007ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தின. அதுவரை காரணம் அறியப்படாத மூளைக்காய்ச்சலாகவே அது எண்ணப்பட்டிருந்தது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு எனக் கசப்பும் கடுமையும் உடையவற்றைப் பிரித்துக் காட்டும் ‘பேய்’ என்னும் அடை, இங்கும் எச்சரிக்கைக் குறியாக நின்றிருக்கிறது. அவ்வடை நீங்கிப் ‘பொன்’ என்னும் அடை மட்டும் வழக்கில் நிற்கும்போது அக்குறிப்பு மறைந்துபோகிறது.

நிலாவரைக்கு நேர்ந்துள்ள மற்றொரு மயக்கம் தென்மாவட்டங்களுக்கே உரியது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதி உழவர்களும் வணிகர்களும் நிலாவரையை ‘அவுரி’ என்றே வழங்குகின்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ச் சாகுபடிக் குறிப்புகளிலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. ஆனால் தமிழ் இலக்கிய, மருத்துவ வழக்கில் அவுரி என்பது நீலச்சாயம் தரும் நீலிச் செடி. அவிரி என்பது அதன் மற்றொரு வடிவம். இரண்டும் சிறகுக் கூட்டிலை உடையவை. இரண்டும் புன்செயில் பயிராகி உலர்ந்த இலையாகச் சந்தைக்கு வருபவை. செயற்கைச் சாயத்தின் வரவால் நீலிப் பயிர் அருகியபின் அதன் பெயர் நிலாவரையின்மேல் ஏறியிருக்கலாம். அவிரி, ஆவிரை என்னும் சொற்களின் ஒலிநெருக்கமும் அதற்குத் துணைசெய்திருக்கலாம்.

இம்மயக்கம் சொல்லாய்வோடு முடிவதன்று. நீலி அவுரி நஞ்சுமுறிவுக்கும் காமாலைக்கும் கூந்தல் தைலத்துக்கும் உரியது. நிலாவரை மலத்தை இளக்குவது. காமாலையால் தளர்ந்த ஒருவருக்கு அவுரி என்ற பெயரை மட்டும் நம்பி நிலாவரையைக் காய்ச்சிக் கொடுத்தால், கழிச்சல் ஏற்பட்டு அவர் மேலும் நலிவார். நலம் வேண்டிச் செய்தது தீங்காய் முடிவதற்கு இங்கு ஒரு பெயரே காரணமாகிறது.

இலை முழுமையாக இருக்குமாயின் வேறுபாட்டைக் கண்ணாலேயே அறியலாம். நிலாவரையின் சிற்றிலைகள் ஈட்டி வடிவின, கூர்நுனி உடையன, மஞ்சள் கலந்த வெளிர்பச்சை நிறத்தன, அடிப்பகுதி இருபுறமும் சமனற்றது. அவை இணையிணையாக அமைந்திருக்கும். முனையில் தனிச் சிற்றிலை இராது. காய் தட்டையாகவும் அகன்றும் மெல்லிய தாள் போன்றும் இருக்கும். நீலியின் சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை, முனையில் ஒரு தனிச் சிற்றிலை உண்டு. உலரும்போது அவை கருநீலம் பாயும். ஆவாரையின் சிற்றிலைகளும் நுனி மழுங்கியவை. இலைக்காம்படியில் காதுமடல் போன்ற பெரிய இலையடிச் செதில்கள் காணப்படும். பொன்னாவரை இலையைக் கசக்கினால் விரும்பத்தகாத நாற்றம் எழும். பொடியாக்கியபின் இவ்வடையாளங்களுள் எதுவும் எஞ்சுவதில்லை. நிலாவரையுடன் ஆவாரை இலை கலக்கப்படுவதை மருந்தறி நூல்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துள்ளன. சரக்கை முழு இலையாக வாங்கி, ஆய்ந்து, காம்பு நீக்கி இடித்துக்கொள்ளும் பழைய வழக்கத்தில் தரச்சோதனையும் அடங்கியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

2. சீமையின் பெயர் பெற்ற இலை

அரேபியாவுக்கும் வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் உரிய இச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயத் தோட்ட உரிமையாளரின் முயற்சியால் திருநெல்வேலிப் பகுதியில் ஏற்றுமதிப் பயிரானது. எகிப்துத் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பா சென்ற இலை அலெக்சாண்டிரியச் சென்னா எனப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகச் சென்றது திருநெல்வேலிச் சென்னா எனப்பட்டது. கைவிரலால் ஒவ்வோர் இலையாகப் பறித்து நிழலில் உலர்த்தியதால் முறிவும் தூசும் குறைந்த சரக்கு என்ற மதிப்பைத் திருநெல்வேலி இலை பெற்றது.

ஏற்றுமதியான இலை உலக ஆய்வுக்கூடங்களை அடைந்தது. 1941இல் ஸ்டோல் குழுவினர் இதன் செயற்பொருள்களான சென்னோசைடுகளைப் பிரித்தறிந்தனர். இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதும் மாற்றமின்றிக் கடந்து பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றை உடைக்கும்போதுதான் செயலாற்றும் பொருள் வெளிப்படுகிறது. அது பெருங்குடலின் அலையியக்கத்தைத் தூண்டுகிறது. மலத்திலுள்ள நீர் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உட்கொண்டு ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் கழித்துப் பயன் தெரிவதற்கு இப்பயணமே காரணம். இரவு உணவுக்குப்பின் உட்கொண்டு காலையில் மலங்கழியச் செய்யும் நாட்டு வழக்கத்துக்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்துகிறது.

இக்கால இடைவெளியை அறியாமை ஒரு பிழைக்கு வழிசெய்கிறது. இரண்டு மணி நேரத்தில் பயன் காணாதவர் மருந்து வேலைசெய்யவில்லை என எண்ணி மறுமுறை உட்கொள்வர். இரு அளவுகளும் சேர்ந்து காலையில் கடும் வயிற்றுப்போக்காக முடியும்.

3. நோயளவு: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

வயிற்றுக் கோளாறு என்று இன்று பொதுவாகக் கூறப்படுவதனைத் தமிழ் மருத்துவம் பல சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. மந்தம், செரியாமை, பொருமல், மலக்கட்டு, கழிச்சல், சீதபேதி, குன்மம் என்பன ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. இவற்றுள் நிலாவரைக்கு உரியது மலக்கட்டு ஒன்றே. மந்தத்துக்கும் பொருமலுக்கும் ஓமம், சீரகம், சுக்கு, கற்பூரவல்லி இலை போன்றவை உரியன. கழிச்சலிலும் சீதபேதியிலும் நிலாவரை நோயைப் பெருக்கும். குன்மத்தில் எரிச்சலை மிகுவிக்கும்.

சாரல் பருவமாகிய சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்துக்கு வருவோர்க்கு நீர்மாற்றத்தாலும் உணவுமாற்றத்தாலும் வயிற்றுத் துன்பம் நேர்வது இயல்பு. அது மலக்கட்டாகவும் இருக்கலாம். நச்சுணவால் எழுந்த கழிச்சலின் தொடக்கமாகவும் இருக்கலாம். ‘வயிற்றைச் சுத்தம் செய்யும்’ என்னும் பொதுக்கூற்று இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

காரணம் தெரியாத வயிற்றுவலியில் கழிச்சல் மருந்து எதுவும் கூடாது. வலியுடன் காய்ச்சலும் வாந்தியும் இருந்தால், அல்லது வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்தால், அது குடல்வால் அழற்சியாக இருக்கக்கூடும். அந்நிலையில் குடலைத் தூண்டுவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். குடலடைப்பு, குடல் அழற்சி நோய்கள், கடும் நீரிழப்பு ஆகியவற்றிலும் நிலாவரை விலக்கப்பட்டுள்ளது. மலத்தில் குருதி, காரணமற்ற உடல் மெலிவு, வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம் ஆகியன மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகள்.

4. உற்றான் அளவு: யாருக்கு விலக்கு

சித்த மருத்துவ மரபு கழிச்சல் மருந்தைக் குழந்தைகள், கருவுற்றோர், மூத்தோர், நோயால் தளர்ந்தோர் ஆகியோர்க்கு விலக்கியோ மிகவும் குறைத்தோ கூறும். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவும் 12 வயதுக்கு உட்பட்டோர்க்கு நிலாவரையை விலக்கியுள்ளது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தாமாக உட்கொள்வதை ஏற்பதில்லை.

மரபு நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத ஒரு சூழல் இன்று கூடியுள்ளது. நிலாவரையை மிகுதியாகவோ நெடுநாளோ கொண்டால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. குருதியழுத்தத்துக்குச் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை உண்போர்க்கு அவ்விழப்பு இரட்டிப்பாகும். இதயநோய்க்கு டிகாக்சின் உண்போர்க்குப் பொட்டாசியக் குறைவு அம்மருந்தை நஞ்சாக்கக்கூடும். அதிமதுரத்தை நெடுநாள் உட்கொள்வோர்க்கும் இதே இடர் உண்டு. இவ்வகை மாத்திரைகளை உண்ணும் வயதினரிடையேதான் மலச்சிக்கலும் மிகுதி என்பதால், மருந்து கொடுப்பவர் முதலில் கேட்கவேண்டிய வினா வேறு என்ன மருந்து உண்கிறீர்கள் என்பதே.

5. அளவும் துணைச்சரக்கும்

மூன்று விரல் நுனிகளால் எடுக்கும் பொடியளவு திரிகடி. ஐவிரல் நுனிகளையும் கூட்டி எடுப்பது வெருகடி. வெருகு என்பது காட்டுப்பூனை. அதன் அடித்தடத்தைக் கைவிரல் குவிப்புக்கு உவமையாக்கிய சொல்லாட்சி இது. இவ்வளவுகள் துல்லியமற்றவை எனத் தோன்றினும், உண்பவர் தம் விரலால் எடுக்கும்போது உடற்பருமனுக்கு ஓரளவு ஒத்துவருபவை. பிறர் எடுத்துக் கொடுக்கும்போது அப்பொருத்தம் மறைகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மருந்துத் தாவரத் தொகுப்பு, வளர்ந்தோர்க்கு உலர்ந்த இலைப்பொடி 1 முதல் 2 கிராம் வரை இரவில் ஒருவேளை எனக் குறிக்கிறது. நெகிழ்ந்த இயல்பான மலம் கழியப் போதுமான மிகக் குறைந்த அளவே சரியான அளவு என்றும் அது வரையறுக்கிறது. நீராகக் கழிவது மருந்தின் வெற்றியாகாது. அளவு மிகுந்தது என்பதன் அடையாளம். பொட்டலங்களில் ‘ஒரு கரண்டி’ என அச்சிடப்படும் குறிப்பு இங்கு இடர் தருவது. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். எந்தக் கரண்டி என்பதனைப் பொறுத்து அளவு மும்மடங்காகிறது.

நிலாவரை தனித்துக் கொடுக்கப்படுவதினும் கூட்டு மருந்தாகக் கொடுக்கப்படுவதே மரபு. நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம், சர்க்கரை ஆகியவை சேர்கின்றன. குடலைத் தூண்டும் இலையால் எழும் வயிற்று முறுக்குவலியை ஓமமும் சுக்கும் தணிக்கின்றன. ஐரோப்பிய மருந்தகங்களில் வழங்கிய கூட்டு அதிமதுரப் பொடியிலும் சென்னாவுடன் பெருஞ்சீரகம் சேர்க்கப்பட்டது. தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே குறைக்கு ஒரே வகை மாற்றினைக் கண்டுள்ளன. மேலும் சூரணத்தின் ஒரு திரிகடியில் நிலாவரை ஒரு பங்கே அடங்கும். தனிப்பொடியின் ஒரு திரிகடியில் முழுவதும் நிலாவரையே. சூரணத்துக்குச் சொல்லப்பட்ட அளவைத் தனிப்பொடிக்குப் பயன்படுத்துவது அறியாமலே அளவை மிகுப்பதாகும்.

கழிச்சல் மருந்து உண்ட நாளில் மோர், கஞ்சி, குழைந்த சோறு ஆகியவற்றை விதிக்கும் பத்தியமும் பொருளுடையது. உப்பிட்ட மோரும் கஞ்சியும் இழந்த நீரையும் உப்பையும் மீட்கின்றன.

6. காலம்: எப்போது நிறுத்துவது

தேரையரின் பிணியணுகா விதி பேதி மருந்தை நான்கு திங்களுக்கு ஒருமுறை எனக் கூறுகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது மக்கள் வழக்கு. ஒரு வாரத்துக்கு மேல், மிகினும் இரண்டு வாரத்துக்கு மேல், மருத்துவர் கண்காணிப்பின்றிக் கொள்ளலாகாது என்பது இன்றைய மருந்தியலின் வரம்பு. மூன்றும் வெவ்வேறு காலத்தவை. எனினும் கழிச்சல் மருந்து அன்றாட உணவாகக் கூடாது என்பதில் ஒன்றுபடுகின்றன.

நாள்தோறும் இரவில் ஒரு கரண்டி என விற்கப்படும் பொடி இம்மூன்று வரம்புகளையும் மீறுகிறது. நெடுநாள் பயன்பாட்டால் மருந்தின்றி மலங்கழியாது என்னும் சார்புநிலை தோன்றுகிறது. நீரும் பொட்டாசியமும் குறைகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் கருநிறம் படிகிறது. அந்நிறம் மருந்தை நிறுத்தியபின் மெல்ல மறையக்கூடியதே. நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர், நடை, காலையில் குறித்த நேரப் பழக்கம் ஆகியவையே நாள்பட்ட மலச்சிக்கலுக்கு முதல் மருந்து. நிலாவரை இவற்றுக்கு இடையே இரண்டொரு நாள் கைகொடுக்கும் துணை. வலிநீக்கும் அபின்வகை மருந்துகளால் மலச்சிக்கல் உறும் நோயாளிகளுக்கு இது நாள்தோறும் கொடுக்கப்படுவது உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் நோய்த்தணிப்புப் பிரிவில் சென்னா இடம்பெற்றுள்ளது. அது மருத்துவர் கண்காணிப்பில் நிகழ்வது. தன்மருத்துவத்துக்கு முன்மாதிரி ஆகாது.

முடிவுரை

நிலாவரை பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடையில்லை. சரியான இலை, உரிய நோய், உரிய ஆள், குறைந்த அளவு, சில நாள் எல்லை என்னும் ஐந்தும் கூடியவிடத்து அது நம்பத்தக்க மருந்து. இவற்றுள் ஒன்று தவறினும் தீங்குக்கு இடமுண்டு. மரபில் இவ்வைந்தும் மருத்துவரின் நினைவில் மட்டுமன்றிப் பேயாவரை, திரிகடி, மலக்கட்டு, பத்தியம் போன்ற சொற்களிலும் பொதிந்திருந்தன. பொட்டலத்தில் விற்கப்படும் பொடிக்கு இச்சொற்களின் காவல் இல்லை.

ஆகவே பொட்டலத்தின்மேல் வட்டாரப் பெயருடன் தாவரப் பெயர், இலையா காயா என்னும் உறுப்பு, கிராமில் அளவு, விலக்கு உடையோர், நாள் எல்லை ஆகியவை தமிழில் அச்சிடப்படுதல் வேண்டும். அவுரி என்னும் பெயரில் விற்கும்போது நீலியா நிலாவரையா என்பது தெளிவுறுத்தப்படல் வேண்டும். தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. ஒரே பெயரில் வழங்கும் வெவ்வேறு செடிகளையும், ஒரே செடிக்கு ஊர்தோறும் வழங்கும் வெவ்வேறு பெயர்களையும் உலர்சரக்கு மாதிரியுடன் தொகுக்கும் வட்டார மூலிகைச் சொல்லகராதி, மொழிக்குச் சேவை செய்வதோடு உயிர்காக்கும் பணியையும் செய்யும். வறண்ட சமவெளியும் மூலிகைச் சந்தையும் மலையடிவாரமும் அடுத்தடுத்து அமைந்துள்ள தென்காசி வட்டாரம் அத்தொகுப்பைத் தொடங்குவதற்கு ஏற்ற களம்.